கடைவாய்ப் பட்டணத்தின் கிழக்குக் கரை

ஜூன் 9, திங்கள்

பள்ளியிலிருந்து வரும் வழியில் பழைய பல் கிளினிக்கைப் பார்த்தேன். இப்போது அது கைப்பேசி உறை விற்கும் கடை. டாக்டர் ஆன்ட்டியின் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் கண்ணாடி அலமாரி. மீன்தொட்டி இருந்த மூலையில் ஒரு மேசை விசிறி. உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். கிராம்புத் தைல வாசனை கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஒரு நப்பாசை. பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது.

"என்ன மாடல்மா?" என்றார் கடைக்காரர்.

"சும்மா பாக்க வந்தேன்."

"பாரு, பாரு. பாக்குறதுக்கு காசு கிடையாது."

அம்மா அங்கே வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். டாக்டர் ஆன்ட்டியின் மகள் குருவி. (தலையைத் தலையை ஆட்டிப் பேசுவாள், அதனால் குருவி.) பள்ளி விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் காத்திருப்போர் அறையில்தான் கிடப்போம். அங்கே இருந்த பழைய கணினியில், ஒரு இணையதளத்தில், தெருத்தெருவாக எழுதி ஒரு ஊரைக் கட்டினோம். பேர், கடைவாய்ப் பட்டணம். நடுவில் கொப்பளிப்பு ஆறு. மேற்குக் கரை என்னுடையது, கிழக்குக் கரை அவளுடையது. பல் பிடுங்க வந்தவர்களெல்லாம் குடிமக்கள். வாராவாரம் "என் பல்செட்டு வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே நுழையும் பெரியவர்தான் மேயர்.

வீட்டுக்கு வந்து, சரி, ஊரைப் போய்ப் பார்ப்போம் என்று அந்த இணையதளத்தைத் திறந்தேன். "இந்தச் சேவை நிறுத்தப்பட்டது." எப்போதோ மூடிவிட்டார்கள். முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருப்பார்கள்தான். நாங்கள் கொடுத்தது கிளினிக்கின் முகவரி. கிளினிக்கே இல்லாதபோது அதை யார் திறப்பார்கள்?

ஜூன் 10, செவ்வாய்

அழவில்லை. கொஞ்சம்தான்.

ஜூன் 14, சனி

அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஒரு ஊரே காணாமப் போச்சா? போலீஸ்ல சொன்னியா?"

"விளையாடாத."

"பின்ன என்ன? அடுத்தவன் கடையில கொண்டுபோய் வச்சா, அவன் ஷட்டர இறக்கத்தான் செய்வான். உன் பொருள உன் வீட்டுல வைக்கணும்."

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் சோறு இறங்கவில்லை எனக்கு. என் வீட்டில் வைத்தால் என்ன? மதியம் முழுக்கப் படித்தேன். எந்தத் தரவையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாத வலைச்செயலிகளை எழுத முடியுமாம். பயன்படுத்துபவர் எழுதுவதெல்லாம் அவருடைய சொந்தக் கிளவுட் சேமிப்பில், அவருடைய டிரைவிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். செயலி வெறும் மூக்குக்கண்ணாடி. போட்டுக்கொண்டால் தெரியும். கழற்றினாலும், உடைந்தே போனாலும், பார்த்த பொருள் அதன் இடத்தில் இருக்கும்.

என் மேற்குக் கரை என் டிரைவில். அவள் கிழக்குக் கரை அவள் டிரைவில். செயலி இரண்டையும் வாசித்து ஒரே வரைபடமாகக் காட்ட வேண்டும். முடியாதா என்ன?

குருவிக்குச் செய்தி அனுப்பக் கைப்பேசியை எடுத்தேன். அதில் கடைசியாக இருந்தது போன வருடப் பிறந்தநாள் வாழ்த்து. அதற்குக்கூட அவள் ஒரு படம்தான் அனுப்பியிருந்தாள், கேக் படம். அவள் ஊர் மாறிப் போனபின் ஒரு மாதம் தினமும் பேசினோம். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு கேக்.

"கடைவாய்ப் பட்டணத்தை மறுபடி கட்டலாமா?" என்று அனுப்பினேன்.

உடனே பதில்: "மேயருக்குப் பல்செட்டு வந்துடுச்சா?"

ஜூன் 29, ஞாயிறு

எழுதியது சேமிப்பாகிறது, திரும்ப வருகிறது! காலை முழுக்கச் சேமித்ததெல்லாம் எங்கே போகிறது என்று தெரியாமல் தவித்தேன். வேறு ஃபோல்டருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அங்கே ஒரே தெரு நாற்பது தடவை.

அம்மாவின் கைப்பேசியில் சோதித்துப் பார்த்தேன்.

"யாரோ என் டிரைவத் திறக்க அனுமதி கேக்குறாங்கடி."

"நான்தாம்மா அது."

"நீயா? அப்ப கண்டிப்பா வேண்டாம்."

ஜூலை 6, ஞாயிறு

குருவி செயலியில் சேர்ந்துவிட்டாள். என் ஃபோல்டரை அவளுக்குத் திறந்துவிட்டேன். அவளும் அவளுடையதை எனக்குத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் என் வரைபடத்தில் அவள் கரை தெரியும். வாசிக்க மட்டும் அனுமதி கேட்கலாம். வாசிக்கவும் எழுதவும் சேர்த்தும் கேட்கலாம். நான் சேர்த்தே கேட்டேன். ஏதாவது பிழை வந்தால் நானே சரிசெய்ய வசதி.

"எழுதுறதுக்கும் எதுக்குடி?" என்றாள் போனில்.

"சும்மாதான். உன் பொருள் உன்கிட்டயேதான் இருக்கும், பயப்படாத."

"உன்கிட்ட எனக்கென்னடி பயம்?"

அவள் ஒவ்வொரு தெருவாக எழுத எழுத, என் திரையில் கிழக்குக் கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பஞ்சுருண்டைப் பூங்கா. ஊசி மருந்துச் சந்து (அங்கே யாருக்கும் எதுவும் வலிக்காது). யாருமே இன்னும் குடிவராத ஞானப்பல் தெரு. எல்லாம் அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்த அறையில் கால் ஆடும் பெஞ்சு, உள்ளே இயந்திரம் கிர்ரென்று ஓடும்போது நாங்கள் ஒருவர் காதை ஒருவர் பொத்திக்கொள்வது, "ரெண்டும் வாய மூடுங்க, பேஷன்ட் பயப்படுறாங்க" என்று அம்மா எட்டிப் பார்ப்பது எல்லாம் வந்து விழுந்தது.

இவ்வளவு சந்தோஷமாக இருந்து எவ்வளவு நாளாயிற்று?

ஜூலை 20, ஞாயிறு

குருவி மேயரின் பக்கத்தை எழுதியிருக்கிறாள். வாசித்தேன். இங்கே எழுதி வைக்கிறேன்:

"மேயர் ஒருநாள் படகில் ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டார். அவர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். மேற்குக் கரையில் யாரும் இல்லை."

இது தப்பு. கடைவாய்ப் பட்டணத்தை விட்டு யாரும் போகக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் விதி. அவளே சொன்ன விதி. படகு என்று ஒன்று ஊரில் கிடையவே கிடையாது. மறந்திருப்பாள்.

திருத்திவிட்டேன். "மேயர் ஊரிலேயே இருக்கிறார். அவருடைய பல்செட்டு நாளை வரும்." இதுதான் சரி.

ஜூலை 22, செவ்வாய்

சாயங்காலம் திறந்தால் கிழக்குக் கரை முழுக்க இருட்டு. என் கரையிலிருந்து கிளம்பும் பாலம் ஆற்றின் நடுவில் அப்படியே நிற்கிறது. முதலில் என் கோடிங்கில் பிழை என்றுதான் தேடினேன். பிழை இல்லை. அவள் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டாள்.

போன் செய்தேன்.

"என் ஃபைல நீ மாத்தினியா?"

"அது... விதிப்படி மேயர் போக மாட்டாருடி. அதான் சரி பண்ணேன்."

"உன்ன யாரு சரி பண்ணச் சொன்னா?"

"நீ மறந்துட்டன்னு—"

"நான் மறக்கல. போனது நான். எனக்குத் தெரியாதா?" என்றாள். "உன் பொருள் உன்கிட்டயே இருக்கும்னு பெருசா சொன்னல்ல?"

வைத்துவிட்டாள்.

ஒரு கதையில் ஒரு வரி. அதுக்கு இவ்வளவு கோவமா? நான் என்ன அவ வீட்டுலயா திருடினேன்? அவ டிரைவுல போய் அவ எழுதினத அழிச்சேன். ஆமா. அதேதான்.

ஜூலை 24, வியாழன்

ஒன்று கண்டுபிடித்தேன். இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்தால் கிழக்குக் கரையில் விளக்கெல்லாம் எரிகிறது! வேகமாக வர வேண்டும் என்று பிரவுசரில் ஒரு நகல் வைக்கும்படி எழுதியிருந்தேன். பூங்கா, சந்து, ஞானப்பல் தெரு — எல்லாம் என்னிடம் இருக்கிறது. அவளுக்குத் தெரியவே தெரியாது.

பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. திறந்து திறந்து பார்க்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன், குருவி போன நாள் எப்படி இருந்தது என்று. நான் அன்று பள்ளியிலிருந்து அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். சாமான் ஏற்றும் வண்டி மறுநாள் வருவதாகத்தான் பேச்சு. ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது கிளினிக் பூட்டியிருந்தது.

"வண்டி கிளம்பப் போகுது. அவ ஏற மாட்டேங்குறா," என்றாள் அம்மா. "'இன்னும் அஞ்சு நிமிஷம் ஆன்ட்டி, அவ வந்துடுவா'ன்னு வாசல்லயே நிக்குறா. டாக்டர் அம்மா கையப் பிடிச்சு ஏத்துனாங்க. கடைசி வரைக்கும் ஜன்னல்ல தலைய நீட்டித் திரும்பித் திரும்பிப் பாத்துட்டேதான் போனா."

"ஏம்மா இத இவ்வளவு நாள் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அவ பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவியே."

மூன்று முறை திரும்பிப் பார்த்தார். மேற்குக் கரையில் யாரும் இல்லை.

நான் பார்க்கவில்லை என்பதால் அவள் போகவில்லை என்று ஆகிவிடுமா? எனக்கு அது நடக்காத நாள். அவளுக்கு நடந்த நாள். நடந்தது என்று அவள் எழுதி வைத்த ஒரே இடத்தில்தான் நான் போய் அழித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இரண்டு வேலை செய்தேன்.

செயலியில் அடுத்தவர் ஃபோல்டருக்கு "வாசிக்க மட்டும்" என்று மாற்றினேன். இனி நானே நினைத்தாலும் ஒரு புள்ளியைக்கூட அசைக்க முடியாது. இதை எழுதுவது சுலபம், நான்கு வரி.

நகலை அழிப்பதுதான் சுலபமாக இல்லை. பூங்காவை ஒருமுறை வாசித்தேன். ஊசி மருந்துச் சந்து ஒருமுறை. கடைசியாக ஞானப்பல் தெரு. பிறகு அழித்தேன். அவள் திறந்து காட்டாதது என்னிடம் இருந்தால், இந்தச் செயலியை எதற்கு எழுதினேன்?

பிறகு என் டிரைவில், என் கரையில், ஒரு புதிய பக்கம்: "மேயர் போன அன்று மேற்குக் கரையில் இருந்தவள் வேறு ஊரில் கண்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஓடிவந்தாள். துறையில் தண்ணீர் மட்டும் இருந்தது. அதனால் படகே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்."

குருவிக்கு அனுப்பினேன்: "அனுமதி இப்போ வாசிக்க மட்டும்தான். நகல் எதுவும் என்கிட்ட இல்ல. என் கரையில ஒரு பக்கம் எழுதியிருக்கேன். தோணுச்சுன்னா பாரு."

ஆகஸ்ட் 9, சனி

பார்த்திருக்கிறாள். நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். "என்ன மேடம், அந்தப் பக்கம் கரன்ட் கட்டா?"

"ஆமா."

என் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, அவன் தட்டிலிருந்த பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 6, சனி

காலையில் வரைபடத்தைத் திறந்தேன். பழக்கம்தான், எதிர்பார்த்து இல்லை. கிழக்குக் கரையில் ஒரே ஒரு விளக்கு. பூங்காவும் சந்தும் இன்னும் இருட்டாகவே இருக்கின்றன. ஆற்றங்கரையில், முன்பு எதுவுமே இல்லாத இடத்தில், புதிதாக ஒரு பக்கம்:

"படகு ஸ்டாப். மேயரின் படகு தேர்வு விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை மேற்குக் கரைக்கு வரும். என் அம்மாவுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது, படகு இரண்டு நாள் தங்கும். இந்த முறை கரையில் ஆள் இருக்க வேண்டும்."

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தாள். "படுக்க எடம் பண்ணணுமே," என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்து உதறப் போய்விட்டாள், விடுமுறைக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கும்போதே.

படகுக்கு ஸ்டாப் கிடையாது. துறை என்றுதான் சொல்ல வேண்டும்.

இருக்கட்டும்.