எட்டு காயினும் ஒரு வீடும்

டிசம்பர் 16, 2017

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நம் பாப்பா என் அக்கா வீட்டில் சமர்த்தாக இருக்கிறாள். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கட்டடத்துக்கு எதிரே உள்ள அந்த இரண்டு அறை வீடு இன்னும் விலை போகவில்லை. உன் நகையை விற்று பிட்காயின் வாங்கியபோது திட்டினாயே, அன்றைக்கு அந்த வீடு நூறு காயின். இன்றைக்கு ஆறு. நம்மிடம் எட்டு இருக்கிறது.

வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்டார். கோடைக்குள் காயின் இன்னும் ஏறி வீடு மூன்றுக்கே முடிந்துவிடும், மிச்சத்தில் நீ அந்த வெளிநாட்டு நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காரலாம் என்று கணக்குப் போட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்,
பாப்பா அப்பா

பிப்ரவரி 10, 2019

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

போனில் நீங்கள் விலை நிலவரமே பேசுவதால் எழுதுகிறேன். அந்த வீட்டில் வேறு யாரோ குடிவந்துவிட்டதாக உங்கள் அக்கா சொன்னார்கள். காயின் விழுந்து இப்போது அது முப்பது காயினாமே. நம் எட்டுக்கு ஓர் அறைகூட வராது. உங்களைக் குறை சொல்லவில்லை.

இங்கே டயாலிசிஸ் வார்டில் ஒரு நோயாளி, உன் பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டார். இரண்டாவது என்றேன். மூன்றாவதாம், பிறகு அக்காதான் சொன்னார்கள்.

உங்கள் அன்பு மனைவி

நவம்பர் 12, 2021

குட்டிம்மா,

பக்கத்துத் தெருவில் அதே மாதிரி வீடு. பணத்தில் பார்த்தால் விலை ஏறியிருக்கிறது, காயினில் இரண்டுதான். ஊரில் எல்லோருக்கும் வீடு எட்டாமல் போகிறது, நமக்கு மட்டும் மலிவாகிறது. நாளைக்கு ஒன்றுக்குக் கிடைப்பதை இன்று இரண்டு கொடுத்து வாங்கினால் என்னைப்போல் முட்டாள் உண்டா?

பாப்பா அப்பா

நவம்பர் 28, 2021

வாங்கிவிடுங்கள். முட்டாளாகவே இருந்துவிட்டுப் போவோம். பாப்பாவுக்குப் பதினொரு வயது ஆகிறது.

டிசம்பர் 19, 2024

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

மூன்று வருஷமாக நீ ஒரு வரி எழுதவில்லை. நடுவில் காயின் விழுந்து, வீடு எட்டுக்குப் போனபோது என்னை ஒருவரும் மனுஷனாக மதிக்கவில்லை. இப்போது வாங்கிவிட்டேன். மூன்று அறை, ஒன்றரை காயின். பத்திரம் உன் பெயரில். ஆறரை மிச்சம். நான் சொன்னது நடந்ததா இல்லையா? கிளம்பி வா.

உன்,
பாப்பா அப்பா

ஜனவரி 5, 2025

பாப்பா அப்பாவுக்கு,

நடந்தது. உங்கள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ராஜினாமா எழுதி வைத்துவிட்டுத்தான் பாப்பாவுக்குப் போன் போட்டேன். இனிமேல் எல்லோரும் ஒன்றாக இருக்கப்போகிறோம் என்றேன். அவள் கேட்டாள்:

“நீங்க வந்தா எந்த ரூம்ல தங்குவீங்க?”

மரியாதையாகத்தான் கேட்டாள். விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி. உடனே, “அம்மா, நீ பேசேன்” என்று போனை உங்கள் அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அக்கா அழுதார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வளர்த்தவர்களை அம்மா என்கிறாள், அதில் என்ன தப்பு?

அக்காவையும் அவளையும் கூட்டிக்கொண்டு குடிபோங்கள். பத்திரத்தை அக்கா பெயருக்கு மாற்றிவிடுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன்.

பாப்பாவுக்கு அடிக்கடி தலை வலிக்கிறதாம். கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணாடி போடச் சொன்னால், என்ன நிறம் வேண்டும் என்று அவளையே கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரியாது.