சாக்ஸபோனின் கழுத்தில் சிவந்த இடம்

என் அன்பு அத்தானுக்கு,

அங்கே உங்களுக்கு ஊத ஏதாவது கொடுத்தார்களா? இங்கே தென்காசியில் சாரல் ஆரம்பித்துவிட்டது. உங்கள் பழைய சாக்ஸபோன் பிழைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போனபின் வந்த முதல் ஆயுத பூஜைக்கு, அக்கா குத்துவிளக்கோடு அதையும் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள். பித்தளைதானே என்று நினைத்திருக்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். நான் போய்ப் பார்த்தபோது பொன்னிறப் பூச்சு திட்டுத்திட்டாகப் போயிருந்தது. கழுத்துக் குழாயில் செக்கச்செவேலென்று புள்ளிகள். ஊதினால் கீழ் ஸ்வரம் எழும்பவே இல்லை.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். "அத்தானும் போய்ட்டாக, இதையும் கொன்னுட்டியே" என்று சொல்லிவிட்டேன். அதன்பின் அக்கா சாக்ஸபோன் பெட்டி இருந்த அறைப்பக்கமே போகவில்லை. என் நாக்கை என்ன செய்தால் தகும், அத்தான்?

போன மாதம் அவளை வற்புறுத்தித் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். பெட்டி என் மடியில் இருந்தது; ஆலங்குளம் தாண்டியும் அவள் அதன் பக்கம் திரும்பவில்லை. பழுது பார்க்கிறவரிடம், பீரங்கிக் குண்டை உருக்கிச் செய்தது என்று நீங்கள் கச்சேரிக்குக் கச்சேரி அளப்பீர்களே, அதையும் சொன்னேன். சிரித்துவிட்டார். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைதானாம். பழசில் செம்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாமாம். கோபப்படாதீர்கள்.

கழுத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். துளைகளை அடைக்கும் தோல் மூடிகள் தண்ணீரில் ஊறிப்போய்விட்டன, அவற்றை மாற்ற வேண்டும், அது கழுவியதால் வந்த வினைதான் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"ஆனா இந்தச் சிவப்பு புளியால வந்தது இல்லக்கா. உள்ளேருந்து வந்தது. அண்ணாச்சி வருஷக்கணக்கா ஊதுன மூச்சும் ஈரமும் துத்தநாகத்த அரிச்சிட்டு. மிச்சம் நிக்கது வெறும் செம்பு."

அக்கா அந்தக் குழாயை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள். "அப்போ இது அவுக மூச்சாலே?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அரித்த இடத்தில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தது. காற்று அதன்வழியும் போயிருக்கிறது. புதுக் கழுத்தே போட்டுவிடலாம் என்றார் அவர். அக்கா சம்மதிக்கவில்லை. ஓட்டையை மட்டும் ஈயம் வைத்து அடைத்தால் போதும் என்றாள்.

போன வாரம் ஆய்க்குடியில் ஒரு கல்யாணத்துக்கு, நான் வழக்கமாக வாசிக்கும் கிளாரினெட்டை வைத்துவிட்டு அதைத்தான் ஊதினேன். கீழ் ஸ்வரம் கும்மென்று வந்தது. முன்வரிசையில் இருந்த அக்கா, முடிந்ததும், "அவுகள மாதிரி மூச்சு பத்தலலே உனக்கு" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அத்தான். ஊதி முடித்த கையோடு கழுத்துக்குள் துணி விட்டு ஈரத்தைத் துடைத்துவிடுவேன். நீங்கள் ஒருநாளும் செய்யாத வேலை அது. என் மூச்சு அதில் தங்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்ட
உங்கள் மச்சினன்,
முருகேசன்