ஒரே உருளையில் அடித்த ஷீட்டுகள்

நவம்பர் 10, திங்கள்

விடியும்போதே மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. மேற்கு வரிசையில் ஏதோ மரத்தில் வெட்டுப்பட்டை நனையாமல் கட்டிய ரெயின்கார்டு கிழிந்திருக்கும், பார்க்கணும். கடுங்காப்பி, நேற்றைய தோசை.

புதன்கிழமை நெய்யாற்றின்கரை கோர்ட். ரப்பர் காயவைக்கும் எங்கள் புகைப்புரையிலிருந்து களவுபோன ஷீட்டுக்கு நான் சாட்சி. எடுத்தவன் செல்வன். கீழ்வீடு. முன்பு எங்களுக்கே பால் வெட்டினவன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? (மாட்டேன்தான்.)

வீட்டுக்காரர் இவர் சாப்பிடும்போது: "அன்னைக்கு நம்ம வாழைக்குலை, இப்பம் ஷீட்டு. விட்டா அடுத்தது ஆடாக்கும்."

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டது. பாறசாலைச் சந்தை. மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன், தீப்பெட்டி.

வக்கீல் குமாஸ்தா ஸ்டீபனைக் கண்டேன். "வாழைக்குலை கேஸ்ல அவனுக்குத் தண்டனை உண்டுல்லா அக்கா. ரெண்டாவது களவுன்னா குறைஞ்சது ஒரு வருஷம் ஆக்கும். மஜிஸ்திரேட்டுக்கு மனசு இருந்தாலும் குறைக்க முடியாது."

"எடுத்தது கொஞ்சமானாலும்?"

"கொஞ்சமானாலும்."

ஒரு வருஷம்! போலீஸ் அவனை ஏசணும், மிரட்டணும் என்றுதான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

இன்னொரு வம்பு. அடிக்கிற மெஷின் பதிக்கும் உருளை வடுவைப் பார்த்தே எங்கள் ஷீட் என்று சொல்வேன் என போலீசில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். எங்கள் மெஷின் பழுது. ஷீட் அடிப்பது தங்கம் அக்கா வீட்டு மெஷினில். இந்தச் சரிவில் எல்லா வீட்டுக்காரரும் அங்கேதான். எல்லார் ஷீட்டிலும் அதே வடு. கோபத்தில் அது தோன்றவே இல்லை.

நவம்பர் 12, புதன்

கோர்ட். குடையை பஸ்ஸில் விட்டேன்.

ஷீட்டைக் காட்டினார்கள். என்னுடையது என்றேன். செல்வனின் வக்கீல் மலையாளத்தில் கேட்டார்: இந்த வடு அடுத்த வீட்டு ஷீட்டிலும் இருக்குமா? இருக்கும் என்றேன். பிறகு எப்படி உங்களுடையது? ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். வாழைக்குலை கேஸ் பகையில் பொய்ப் புகார் என்றார் வக்கீல். முகம் எரிந்தது.

அப்போது எதிர்க் கூண்டிலிருந்து செல்வன்: "அக்கா கள்ளம் சொல்லல சார். ஷீட்டு அவங்களுக்குள்ளதாக்கும். நான்தான் எடுத்தேன்."

வக்கீல் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். "எலே, மிண்டாத, வாய மூடு!"

எடுத்தாயா என்று மஜிஸ்திரேட் இரண்டு முறை கேட்டார். ஒத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்குக் கீழே தர எனக்கு அதிகாரம் இல்லை, தெரியுமா?

"வக்கீல் சொல்லியிருக்கு சார். தெரியும்."

மஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். துடைத்து மறுபடி போட்டார். பிறகு எழுதினார். ஒரு வருஷம். உண்மை சொன்னதற்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. வாய் திறக்காமல் நின்றிருந்தால் சாயங்காலம் வீட்டில் இருந்திருப்பான்.

கள்ளன்தான். என் ஷீட்டை எடுத்தவன்தான். ஆனாலும் எனக்கு மெய்சிலிர்த்தது. சர்ச்சுக்குள்கூட அப்படி உண்மை சொல்லி நின்றதில்லை நான்.

வராந்தாவில் போலீசோடு போகும்போது திரும்பினான். "அக்கா, மேக்க ரெண்டு மரத்துல ரெயின்கார்டு கிழிஞ்சு கெடக்கு. பட்டை அழுகிப்போவும்."

நவம்பர் 13, வியாழன்

வெயில். ரெயின்கார்டு இரண்டும் மாற்றியாச்சு. சரியாக அவன் சொன்ன மரங்கள்.

இவர் காப்பி குடிக்கும்போது: "ஒரு வருஷம் கூடுதலாக்கும், இல்லியா?"

மத்தியானம் தங்கம் அக்கா வீட்டில் ஷீட் அடித்தேன். கயிற்றில் எல்லார் ஷீட்டும் ஒன்றாகத் தொங்கியது. என்னுடையதைத் தேடினேன். தெரியவில்லை. அப்படியானால் கோர்ட்டில் இருந்த ஷீட் என்னுடையதுதான் என்று உறுதியாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.