மூன்றாவது ராடு

இன்று மதியம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வந்த ஒரு பனியனில் எண்ணெய்க் கறை இருந்தது. மேசையிலிருந்த அக்கா அதில் சீமெண்ணெய் தொட்டுத் தடவி, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவினாள். அந்த வாசம் வந்ததும், பனியனில் அளவு குத்துகிற சைஸ் சீலைக் கீழே வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் அது கறை எடுக்கிற வாசம். எனக்கு உன் வாசம்.

உனக்கு நினைவிருக்கும். பல்லடம் ரோட்டில் கோயமுத்தூர் மில்காரர் மகனின் காரை முந்த வேண்டும் என்று நம் முதலாளி மகன் சின்னவருக்கு வெறி பிடித்திருந்தது. அவர் காரின் என்ஜினைப் பிரித்து வேகம் ஏற்றுகிற வேலை, கம்பெனி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த உன்னிடம் வந்தது. அந்த வேகத்தை இந்த ராடு தாங்காது என்றாய். பிஸ்டனின் ஓட்டத்தை, சக்கரத்தைச் சுழற்றுகிற கிராங்குக்குக் கொண்டுபோகிற கைதானே ராடு. கை ஒடிந்தால் என்ஜினே போச்சு. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து அதே அளவில் இருபது ராடுகளைச் சாக்கில் கட்டி, பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்தோம். இருபதில் நாலு தேற வேண்டும்.

கம்பெனி நூலில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினாய். "நல்ல ராடு மணியாட்டப் பேசும் மாப்ள. கீறல் உட்டது பொத்துன்னு போயிரும்." தேறியவற்றைச் சீமெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசிக் காத்திருந்தாய். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலிருந்து எண்ணெய் கசிந்து வெள்ளையில் மயிரிழைக் கோடு போட்டால் அந்த ராடு சாக்குக்குத் திரும்பிவிடும். கடைசியில் நூல் நிறுக்கிற தராசு. நாலும் ஒரே எடைக்கு வரும்வரை அரம் போட்டாய், அதுவும் நீளவாக்கில் மட்டும்.

"குறுக்க ஒரு நகக்கீறல் உழுந்தாலும் அங்கதான் ஒடியும். நெனப்புல வெச்சுக்க."

"நீ ராடு பொறுக்கு, நான் சும்மாவே பொறுக்கி. என்கிட்ட எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"ஏண்டா, உன்ற வாய்க்குப் பிரேக்கே வெக்கலியா?" என்று சிரித்தாய். வாய்க்கு இல்லாததுகூடப் பரவாயில்லை. கைக்கும் இல்லை.

நீ டீ குடிக்கப் போன நேரத்தில் சின்னவர் தன் சிநேகிதர்களோடு ஷெட்டுக்கு வந்தார். "எல்லாம் சீமை ராடு. நானே பாத்துப் பொறுக்குனது" என்று அளந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் ஆயிரம் பனியனுக்குச் சீல் குத்துகிறவன் நான். சீல் இல்லாத சரக்கு யாருடையது என்று எவனுக்குத் தெரியும்? அவர்கள் போனதும் எழுத்து உளியை எடுத்தேன். மூன்றாவது ராடின் நடுத்தண்டில், குறுக்கே, உன் பெயரின் முதல் எழுத்தை ஆழமாக அடித்தேன். அவர் கார் ஓடும்போதெல்லாம் உள்ளே உன் பெயர் சுற்றட்டும் என்று நினைத்தேன். ஜெயித்த பிறகு உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று கிரீஸை அப்பி மறைத்து, அந்த ஒன்றுக்கு மட்டும் பிஸ்டனை நானே மாட்டிக் கொடுத்தேன். நீ என்னை நம்பி வாங்கினாய்.

பந்தயத்தில் பாதி ரோடுகூடத் தாண்டவில்லை. ராடு ஒடிந்து, என்ஜின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சின்னவருக்கு ஒரு கீறலும் இல்லை, மானம்தான் போனது. ஷெட்டில் எல்லார் முன்னாலும் உன்னை அறைந்தார். "ராடு பொறுக்கத் தெரியாத நாயி! எவன்டா உன்னை மெக்கானிக்குன்னது?"

நீ அப்போது ஒடிந்த துண்டைக் கையில் வைத்திருந்தாய். எழுத்தைப் பார்த்துவிட்டாய். உடைப்பு அந்த எழுத்தின் வழியாகவே போயிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு துண்டைக் கழிவுத் துணியில் சுற்றிக்கொண்டு, "தப்பு என்னுதுதானுங்க" என்றாய்.

பேசக் கூடாத நேரத்திலெல்லாம் பேசுகிற நான், அன்று வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்தக் கம்பெனியில்தான் சோறு. நாளைக்குச் சொல்லலாம், சின்னவர் கோபம் ஆறட்டும் என்று நாளைத் தள்ளினேன். அதற்குள் ஊரில் ஒரு பட்டறையும் உன்னை உள்ளே விடவில்லை. கடைசியில் பம்பாய் லாரி ஒன்றில் கிளீனராக ஏறினாய். ஏறும்போது அந்தத் துணிச் சுருட்டை என் கையில் திணித்தாய்.

"சீல் குத்தறதுன்னா பனியன்ல குத்து மாப்ள."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டுப் போனாய். இதற்காக இன்றைக்கும் உன்மேல் எனக்குக் கோபம்தான்.

இரண்டு மாதத்தில் தந்தி வந்தது. மலைப்பாதையில் லாரி கவிழ்ந்துவிட்டதாம்.

காரியம் முடிந்த மறுநாள் சின்னவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புதுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "செத்தவனுக்கு எதுக்குடா இப்ப சர்ட்டிபிகேட்டு? போயி வேலயப் பாரு" என்றார். என்னை வேலையைவிட்டு அனுப்பக்கூட இல்லை. நான் பயந்து காத்த சோறு அவருக்கு அவ்வளவு அற்பம்.

பிறகு உன் அம்மாவிடம் போனேன். நான் வாயெடுக்கும் முன்பே, "அவனுக்கு ராடு பொறுக்கத் தெரியாதுன்னு ஊரே சொல்லுச்சே, நெசமா கண்ணு?" என்று கேட்டார்கள். துணியைப் பிரித்துத் துண்டை முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். எழுத்தை விரலால் தடவினார்கள். படிக்கத் தெரியாதவர்கள்.

"இது என்ன எழுத்து?"

"அவன் பேருங்கம்மா."

வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்கள். அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். துண்டைத் துணியில் சுற்றி என் பக்கம் தள்ளினார்கள். "இது என்ற ஊட்டுல வேண்டாம் சாமி. நீயே வெச்சுக்க."

அதனால் என்னிடம்தான் இருக்கிறது. சோற்றுப் பையின் அடியில், தினமும் கம்பெனிக்கும் வீட்டுக்கும் என்னோடு வருகிறது. இன்று வேலை முடிந்ததும் சீல் மேசைக்குப் பின்னால் நின்று, நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தேன். பாதி ராடுதான், ஒரு முனை பிய்ந்து கிடக்கிறது.

கணீர் என்றது. நீ சரியாகத்தான் பொறுக்கியிருந்தாய்.