கழுத்துக்குள் சிவந்த வெளிச்சம்

அக்கா, பேத்திக்கு இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டியபோது மட்டாஞ்சேரி வீட்டில் இருந்தவர்கள்: என் மகள் வசந்தி, மருமகன் சேகரன், அவனைப் பெற்ற ராஜம்மா, நான், நீங்கள். இன்று காலை உங்கள் டார்ச்சைக் கையில் எடுத்ததும் அத்தனை முகமும் வரிசையாக வந்து நின்றது.

குழந்தையின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். கொழுப்புக்கட்டி, அமுக்கினால் கரையும் என்று ராஜம்மா தினமும் எண்ணெய் தேய்த்து அமுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்த நீங்கள் சன்னலைச் சாத்திவிட்டு, வீக்கத்தின் ஓரத்தில் டார்ச்சை வைத்தீர்கள். அது முழுக்கச் சிவந்து ஒளிர்ந்தது.

"சதையில்லடி, உள்ளே நீர். இனி அமுக்கக் கூடாது. ஸ்கேன் பாக்கணும்."

நல்ல நாளில் பேசுகிற பேச்சா என்று ராஜம்மா சீறினாள். எல்லோரும் சேகரனைப் பார்த்தோம். குனிந்து அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்த்தவன் அவன். "டார்ச் வச்சா என் விரலுந்தான் செவக்கும். போட்டோவுக்கு வந்து நில்லுங்க" என்று சிரித்தான். பெண்ணைக் கொடுத்த வீடு. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு சளியில் வீக்கம் மாங்காயாகி, பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. எறணாகுளத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டர், கருவிலேயே நிணநீர்க் குழாய்கள் சரியாகச் சேராமல் நீர் தேங்கிய பை என்றார். அபூர்வமாம். எப்போதிலிருந்து என்று கேட்டார். இப்பத்தான் என்றான் சேகரன். நீங்கள் என் முழங்கையில் இடித்து, "வாயைத் தெற. ஒனக்கு மறந்த நாள் உண்டா?" என்றீர்கள். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஊசி மருந்தில் வீக்கம் சுருங்கியது, அடியோடு போகவில்லை. நீங்கள் கண்மூடும் முன் டார்ச்சை என்னிடம் தந்தீர்கள். சளி பிடித்தால் வைத்துப் பார். மூச்சு இழுத்தாலோ, உள்ளே ரத்தம் கசிந்து வீக்கம் இருண்டு தெரிந்தாலோ, நிற்காமல் ஓடு என்றீர்கள்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. இன்று காய்ச்சலோடு கழுத்து பொங்கியிருந்தது. வெளிச்சம் வைத்தேன். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் இருட்டு. பேட்டரி தீர்ந்ததோ என்று என் விரலில் வைத்துப் பார்த்தேன். விரல் நன்றாகச் சிவந்தது.

இதை ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன், அக்கா. கதவு இன்னும் திறக்கவில்லை. டார்ச் மடியில் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன் எதிரே சுவரைப் பார்த்து அழுகிறான். இந்த நோயை முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவனும் அவன்தான். ராஜம்மாவை எப்போதோ மன்னித்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது, பயந்தாள். கண்ணால் பார்த்துவிட்டுச் சிரித்தவன் ஒருவன்தான். என்னால் இன்னும் மன்னிக்க முடியாத பெயரும் அது ஒன்றுதான்:

சேகரன்.