வலை காயுற இடம்

டீச்சர்,

இன்னைக்கு ஆடி மூணாம் வெள்ளி. பரண்ல கெடக்குற பெரிய குத்துவிளக்க இறக்கலாம்னு ஸ்டூல் போட்டு ஏறினேன். விளக்குக்குப் பின்னாடி ஆரஞ்சு கலர்ல ஒரு வட்டப் பொட்டி. எடுத்துப் பாத்தா, அளந்துட்டு வந்து நானே ஏத்தி வச்சு மறந்துபோன உங்க முப்பது மீட்டர் டேப்பு. நாடாவ ஒரு முழம் இழுத்தேன், பொலபொலன்னு மணல் கொட்டுச்சு. கூடவே மீன் கவிச்சி. தலைக்குக் குளிச்சு, வாசல்ல மாக்கோலம் போட்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள மீன் கவிச்சி! வேற நேரமா இருந்தா சாம்பிராணி போட்டு வீட்டையே கழுவி விட்டிருப்பேன். இன்னைக்கு ஸ்டூல் மேலயே உக்காந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு வந்து, "என்னடி, விளக்க இறக்கச் சொன்னா தவம் பண்றியா?"ன்னாரு. டேப்பத் தூக்கிக் காட்டினேன்.

நீங்க போயி ஒரு வருஷம் ஆகப்போகுது. மனசுல கெடக்குறத எழுதிடலாம்னு என் பேரன் நோட்டுல உக்காந்திருக்கேன். ஊர்ல எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச எழுத்து. பிழை இருந்தா செகப்புப் பேனாவ எடுக்காதீங்க.

பதினெட்டு வருஷம் உங்க கதவும் எங்க கதவும் எதிரெதிரே. எங்க நிலையில மாவிலை, உங்க நிலையில சிலுவை. விடியக்காலைல நீங்க சாந்தோம் கோயிலுக்குப் பூசைக்குக் கெளம்புவீங்க, நான் கபாலி கோயிலுக்கு. கேட்டு வரைக்கும் சேந்து நடப்போம். "என்னையும் சேத்துச் சொல்லிக்கோ தாயம்மா"ம்பீங்க. "நீங்களும் மாதாகிட்ட நம்மளப் பத்தி ஒரு வார்த்த போட்டு வைங்க டீச்சர்"ம்பேன். அப்புறம் நீங்க கெழக்க, நான் மேக்க.

பள்ளிக்கூடத்துல இருபத்தாறு வருஷம் புவியியல் எடுத்தீங்க. உடம்புக்கு வந்து, ஆபரேசன் ஆகி, முடியெல்லாம் கொட்டி, திரும்பவும் குருவிக்குஞ்சு மாதிரி முளைச்சு வந்த நேரம். வேலைய விட்டுட்டீங்க, இனிமே வீட்ல இருந்து ஜெபம் பண்ணுவீங்கன்னு நெனைச்சேன். ஒருநாள் ஒரு கடுதாசியக் கொண்டாந்து நீட்டினீங்க. காலேஜ்ல எடம் கெடைச்சிருக்காம். நில மேலாண்மையும் புவியிடத் தகவல் அறிவியலும், முதுகலை, ரெண்டு வருஷம். எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு.

"என்னது டீச்சர் இது, வாயிலயே நுழையல?"

"பூமிய மேல இருந்து பாக்குறது. எந்த இடம் எதுக்கு இருக்கு, யாரு புழங்குறாங்கன்னு படம் போட்டு வைக்கிறது."

"அதத்தான் சாமி மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்காரே?"

"பாக்குறாரு தாயம்மா. படம் போட்டுத் தரமாட்டேங்கிறாரே."

சிரிச்சீங்க. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டுச் சொன்னீங்க. டாக்டர் மறைக்கலையாம், நோய் திரும்ப வரும், எப்பன்னுதான் சொல்ல முடியாதுன்னுட்டாராம். "எத்தனையோ பிள்ளைங்களுக்கு மேப்பு வரையக் கத்துக் குடுத்தேன். எல்லாம் புக்குல இருக்குறதப் பாத்து வரைஞ்சது. நானா ஒரு மேப்பு போடணும். போட்டு, அந்தப் பட்டத்த ஒரு தடவ கையில வாங்கிடணும்." அன்னைல இருந்து கபாலிகிட்ட எனக்கு வேற வேண்டுதலே கெடையாது. டீச்சருக்குப் பட்டம், டீச்சருக்குப் பட்டம்.

உங்க கிளாஸ்ல எல்லாம் உங்க பொண்ண விடச் சின்னதுங்க. மொத நாள் நீங்க உள்ள நொழைஞ்சதும் எல்லாம் எந்திரிச்சு நின்னு குட்மார்னிங் மேடம்னுச்சுங்களாம். நீங்க போய்க் கடைசி பெஞ்சுல உக்காந்த பிறகுதான் முழிச்சுதுங்களாம். பஸ்ஸுல அடையாறு வரைக்கும் போய்ட்டு, சாயங்காலம் காலு வீங்கி வருவீங்க. வந்ததும் கம்ப்யூட்டர். நான் பூண்டு உரிச்சுக்கிட்டே பக்கத்துல உக்காந்திருப்பேன். ரோடு ஒரு தாள்ல, வீடு ஒரு தாள்ல, மரம் ஒரு தாள்ல, எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குவீங்க. "எங்க வீட்டுக்காரரு தி.நகர் கடையில சேலை விரிச்சுப் போடுற மாதிரில்ல இருக்கு"ன்னேன். மறுநாள் கிளாஸ்ல அதையே சொன்னீங்களாம். அந்தப் பிள்ளைங்க என்னப் பாக்கணும்னுச்சாம். எனக்குத் தலைகால் புரியல.

கடைசி வருஷம் தீசிஸ். சாந்தோம் தொடங்கி நொச்சிக்குப்பம் வரைக்கும் கடலோரத்துல எந்த இடம் எப்படிப் புழங்குதுன்னு மேப்பு. மேல இருந்து எடுத்த படத்துல வீட்டுக்குச் செவப்பு, ரோட்டுக்குச் சாம்பல், மரத்துக்குப் பச்சை. முடிச்சு, பைண்டிங்குக்குக் குடுக்கப்போற அன்னைக்கு எனக்குக் காட்டினீங்க. ஏதோ ஒரு ஆபீஸ்ல இருந்துகூட, கடலோரத்துல என்ன கட்டலாம்னு பாக்கறதுக்கு உங்க கைடு சார்கிட்ட அந்த மேப்பக் கேட்டிருக்காங்கன்னு பெருமையாச் சொன்னீங்க.

நான்தான் கேட்டேன். எதுக்குக் கேட்டேனோ.

"இந்த மஞ்சள் என்ன டீச்சர், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா?"

"காலி இடம்."

"காலியா? அங்கதானே வலை காயப் போட்டுக் கெடக்கும்? செவ்வாய் வெள்ளி போக மீதி நாளெல்லாம் நான் அங்கதானே மீன் வாங்குறேன்? காலு வைக்க எடமிருக்காதே."

உங்க முகம் மாறிடுச்சு. "நான் நேர்ல போய்ப் பாத்தேனே தாயம்மா. நாலு தடவ. பசங்க கிரிக்கெட் ஆடிட்டிருந்தாங்க."

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

நோட்டப் பொரட்டினீங்க. நாலு தடவையும் சாயங்காலம் நாலரை, அஞ்சு. காலைல பூசை, அப்புறம் காலேஜு, உங்களுக்கு அந்த நேரம்தான் ஒழிஞ்சது. கடல்காரங்க காலைல கரையேறி, வலைய விரிச்சு, காயவச்சு, கிழிசல் தைச்சு, மூணு மணிக்கெல்லாம் சுருட்டித் தார்ப்பாய் போட்டு மூடிடுவாங்க. காலைல எடுத்த படத்துல வலை விரிஞ்சுதான் கெடந்திருக்கு. ஆனா மேல இருந்து பாத்தா வலையும் மண்ணும் ஒரே நெறமாம். பொறந்ததுல இருந்து அந்தக் கடலுக்குப் பக்கத்துலயே இருந்தவங்க நீங்க. மீனு உங்க வாசலுக்குக் கூடையில வந்துரும், அதனால கரை பூரா வலை விரிஞ்சு கெடக்குற காலை ஒம்பது மணியக் கண்ணால கண்டதில்ல.

மறுநாள் பூசை முடிஞ்சு, ஒம்பது மணிக்கு என்கூட வந்தீங்க. எனக்கு எப்பவும் மீன் குடுக்குற பொம்பளை இருக்காளே, அவ டேப்பப் பாத்ததும் ஆரம்பிச்சுட்டா.

"இன்னாக்கா, மீன் வாங்க வந்தியா, நெலம் வாங்க வந்தியா?"

"டீச்சரு காலேஜுக்குப் படம் போடுறாங்க, அளக்கணும்"னேன்.

"அளந்துகினு போனவன் எவனும் நல்லதுக்கு வர்ல. போக்கா, வஞ்சிரம் கீது, வாங்கினு போ."

நீங்க முன்னாடி வந்து சொன்னீங்க: "நான் இந்த இடத்தக் காலின்னு எழுதிட்டேம்மா. தப்பா எழுதிட்டேன். திருத்த வந்திருக்கேன்."

அவ கத்தியக் கீழ வச்சா. படிச்சவங்க வந்து தப்புன்னு சொல்லி அவ கேட்டதில்ல போல. நானும் கேட்டதில்ல டீச்சர். இருபத்தாறு வருஷம் அடுத்தவங்க தப்பத் திருத்தினவங்க, மீன்செதிலுக்கு நடுவுல நின்னு தன் தப்ப ஒத்துக்கிட்டீங்க.

"சரி, வா. செருப்பக் கயட்டிட்டு வா. வலையத் தாண்டாத, சுத்தினு வா. அது எங்களுக்குச் சாமி."

நான் பேச்சு மும்முரத்துல ஒரு வலையத் தாண்டக் காலத் தூக்கினேன். "யக்கா!"ன்னு நாலு பக்கமும் கத்தினாங்க பாருங்க, காலு அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. நீங்க செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, கொதிக்கிற மணல்ல, ஒவ்வொரு வலையையும் சுத்தி சுத்தி நடந்தீங்க. ரெண்டு எட்டுல தாண்டுற இடத்துக்கு இருபது எட்டு. வெளிய பாத்தா கோடு ஒண்ணும் கெடையாது. ஆனா இந்தக் கம்பத்துல இருந்து அந்தப் படகு வரைக்கும் ஒரு வீடு, அங்க இருந்து அந்தக் கல்லு வரைக்கும் இன்னொரு வீடுன்னு அவங்களுக்குள்ள துல்லியமாத் தெரிஞ்சிருந்துச்சு. அவ கைய நீட்டிச் சொல்லச் சொல்ல நான் டேப்பு நுனியப் பிடிச்சேன், நீங்க எழுதினீங்க.

"இதுக்கெல்லாம் பேப்பர் இருக்கா?"ன்னு மெதுவாக் கேட்டீங்க.

"இன்னாம்மா நீ, கடலுக்குப் பேப்பர் கீதா?"ன்னா. அதையும் எழுதிக்கிட்டீங்க.

அன்னைக்கே கைடு சாருக்குப் போன். ஸ்பீக்கர்ல போட்டுட்டீங்க, நானும் கேட்டேன். அவரு நல்ல மனுசன்தான். "மேடம், இது அனுமதிக்கிற அளவுக்குள்ள இருக்குற தப்புதான். இப்பத் திருத்தினா இந்தத் தடவ வைவா கெடையாது. அடுத்த செமஸ்டர்தான். உங்க உடம்பு..."ன்னு இழுத்தாரு.

"அனுமதிக்கிற தப்புதான் சார். ஆனா அந்தத் தப்புக்குள்ள அத்தன வீட்டு அடுப்பு இருக்கு"ன்னீங்க.

போன வச்சதும் நான் உங்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். "பட்டத்த வாங்கிட்டு அப்புறமாத் திருத்துங்க டீச்சர். நான் ஒரு வாயாடி, பூண்ட உரிச்சோமா போனோமான்னு இல்லாம..."

"அப்புறம்னு ஒண்ணு எனக்கு இருந்தா அப்புறமாப் பண்ணலாம் தாயம்மா. இல்லாததாலதான் இப்பப் பண்றேன்."

எப்படிச் சொன்னீங்க அத? ரசத்துக்கு உப்பு போதுமான்னு கேக்குற மாதிரி.

அதுக்கப்புறம் பதினோரு காலை போனோம். செவ்வா வெள்ளிகூட நான் வந்தேன், வீட்டுக்கு வந்து ரெண்டாந்தடவ தலைக்குக் குளிச்சேன். மேப்புல அந்த மஞ்சள எடுத்துட்டு நீலம் போட்டீங்க. பக்கத்துல தமிழ்லயே எழுதினீங்க, வலை காயுற இடம்னு. பழைய மேப்ப ஆபீசுக்கு அனுப்ப வேண்டாம்னு சாரும் நிறுத்தி வச்சு, புதுசத்தான் குடுத்தாரு.

தீசிஸப் பத்தி நேர்ல கேள்வி கேக்குற அந்த வைவா வர்றதுக்குள்ள நோயும் வந்துருச்சு. நான்தான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். வெளி பெஞ்சுல கஞ்சி பிளாஸ்கோட உக்காந்திருந்தேன், கதவு ஒருக்களிச்சுத்தான் இருந்துச்சு. கேள்வி கேக்க வெளியூர்ல இருந்து வந்த பெரியவரு கேட்டாரு, "இந்த மாதிரி ஒரு வகை நாம வச்சிருக்குற பட்டியல்லயே இல்லையேம்மா?" உங்க குரல் ரொம்பச் சன்னமா இருந்துச்சு, ஆனா நடுங்கல: "பட்டியல்ல இல்லைங்க சார். தரையில இருக்கு."

அப்புறம் கை தட்டினாங்க. நான் வெளிய ஒத்தையா உக்காந்து கபாலி, மாதாவேன்னு ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்.

பாஸாயிட்டீங்க. ஆனா பட்டமளிப்பு விழா வர்றதுக்கு முந்தி நீங்க போய்ட்டீங்க. மேடையில உங்க பொண்ணு போய் வாங்கினா. அத உங்க கல்லறை மேல ஒரு நிமிசம் வச்சு எடுத்தா. அன்னைக்குக் கபாலி கோயிலுக்குப் போயி நல்லா சண்டை போட்டேன். கேட்டது என்ன, நீ குடுத்தது என்னன்னேன். நான் வாயத் தெறக்காம இருந்திருந்தா அந்தக் காகிதத்த உங்க கையிலயே வாங்கியிருப்பீங்களேன்னு பல நாள் தூங்கல. இப்பவும் சில நாள் அப்படித்தான்.

போன மாசம் நம்ம குடியிருப்புச் சங்கத்துல மீட்டிங். பின்பக்கம் காலி இடம் சும்மாத்தானே கெடக்கு, ஷெட்டு போட்டு கார் நிறுத்தலாம்னு தீர்மானம் எழுதினாங்க. இத்தன வருஷத்துல நான் அங்க வாயத் தெறந்ததே இல்ல, எல்லாம் இங்கிலீஷ்ல பேசுறவங்க. எந்திரிச்சேன். எங்க வீட்டுக்காரரு சேலைத் தலைப்பப் பிடிச்சு இழுக்குறாரு, "உக்காருடி."

"நீங்கள்லாம் எப்பப் பாத்தீங்க? காலைல ஆபீஸ் போறப்பவா? மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து பாருங்க. வீட்டு வேலை செய்றவங்க ஏழு பேரு அங்கதான் சோறு திங்கிறாங்க, அரை மணி நேரம் தலை சாய்க்கிறாங்க. அவங்களுக்கு வேற நெழல் எங்க இருக்கு?"

செக்ரட்டரி கண்ணாடியக் கழட்டிட்டு, "அப்ப என்னன்னு எழுதட்டும், அம்மா?"ன்னாரு.

"சோறு திங்கிற இடம்னு எழுதுங்க"ன்னேன்.

எழுதினாரு, டீச்சர்.

உங்க
தாயம்மா