கேனின் அடியில் நின்ற தண்ணீர்

அன்பு மகன் சிராஜுக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்க அல்லாஹ் காவல். போனில் பேசினால் அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் பேப்பரில் எழுதி, லீவு முடிந்து திரும்பும் அப்ரோஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கடையில் பாட்டிலில் விற்கிற பெட்ரோலால் வந்த வினை இது. போன மாதம் மழை ஓயாத வாரத்தில் மேட்டுத் தெரு ஜான், பெண்சாதி செவ்வந்திக்கு வலி கண்டதும், நம்மிடம் ஒரு பாட்டில் வாங்கி பைக்கில் ஊற்றிக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. பிள்ளை லோடு ஆட்டோவில் பிறந்தது, இரண்டு உயிரும் பிழைத்தது அல்லாஹ்வின் கிருபை. மெக்கானிக் வேதகிரி டேங்கைக் கவிழ்த்தால் அடியில் தண்ணீர். பாய் தண்ணி கலந்துட்டாரு என்று அன்றைக்கே ஊரெல்லாம் பேச்சு.

சத்தியமாக அத்தா கலக்கவில்லை. இப்போது பெட்ரோல் பங்கிலேயே எத்தனால் சேர்த்துத்தான் வருகிறது, கரும்பில் எடுக்கிற ஸ்பிரிட். அது தண்ணீரைக் கண்டால் விடாதாம், சேர்ந்துகொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடுமாம், வேதகிரிதான் சொன்னான். பங்கில் வாங்கி வைக்கிற நம் கேனுக்கு மூடி தொலைந்து எவ்வளவோ காலம், இவர் பழந்துணியைச் சுருட்டி அடைத்து ஒழுகுகிற கூரைக்குக் கீழேயே வைத்திருந்தார். டியூபை அடிவரை விட்டு உறிஞ்சிப் பிடிப்பதும் அவர் வழக்கம், உள்ளே இறங்கி அடியில் நின்ற மழைத் தண்ணீர்தான் ஜான் பாட்டிலுக்குப் போய்விட்டது. ஒரு மூடி வாங்குங்கள் என்று நான் கத்தாத நாளில்லை, கேட்டால்தானே.

பங்குக்காரர்களைக் கூட்டிவந்து சொல்லச் சொல்லலாம் என்றால், கேனில் வாங்கி விற்பதே தப்பு, நம் மேல்தான் கேஸ் விழும். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி. பொறுக்காமல் ஒருநாள் கடை வாசலில் நாலு பேரை நிறுத்தி, கண்ணாடி பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் காட்டினார். விட்டது கொஞ்சம், ஸ்பிரிட்டும் சேர்ந்து அடியில் தேங்கியது நிறைய. பாருங்கப்பா, தானா பிரியுது என்றார். அதில் ஒருத்தன் பெருமாள், சிரித்துக்கொண்டே, எவ்ளோ கலந்தா எவ்ளோ வரும்னு பாய்க்கு அத்துப்படியா கீதே என்று சொல்லிவிட்டான். அத்தோடு போயிற்று, இப்போது அரிசி பருப்புக்குக்கூட ஆள் வருவதில்லை. கடையை மூடினால் பயந்து மூடினார் என்பார்கள், அதனால் தினமும் திறந்து வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று ஜானே பின்வாசல் வழியாக வந்தான். நீங்க கலக்கலன்னு எனக்குத் தெரியும் பாய், ஆனா நான் அத வெளிய சொன்னா, பாய் கிட்ட துட்டு வாங்கிக்கினு பேசறான்னு என்னையே சொல்லுவாங்க, நான் அந்தத் தெருவுலதானே இருக்கணும் என்று அழுதான். அத்தா குழந்தைக்கென்று ஒரு சோப்பும் பவுடரும் எடுத்துக் கொடுத்தார். கையில் பார்த்தால் கேட்பார்கள் என்று அவன் அதைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் பன்னைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடாதே. உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் கேட்டு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, இனி போன் பண்ணும்போது வியாபாரம் எப்படி அத்தா என்று கேட்காதே. நல்லா போகுதுப்பா என்று உன்னிடம் சொல்லிவிட்டு அவர் முகத்தை மூடிக்கொள்வதை நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

உன் அம்மா,
சபுரா இனாயத்துல்லா
மானாம்பதி